வெள்ளம் வந்தால் மோட்டார் ஓடுமா? அடுக்ககத்துக்கு டீசல், சோலார், பேட்டரி: ஓர் ஒப்பீடு

சென்னை அடுக்ககங்களின் அசோசியேஷன் கூட்டத்தில் மின்வெட்டுப் பேச்சு எழுந்தால் விவாதம் பெரும்பாலும் இயந்திரத்தில்தான் தொடங்குகிறது. பழைய ஜெனரேட்டரை மாற்றலாமா, மொட்டை மாடியில் சோலார் போடலாமா, லித்தியம் பேட்டரிக்குப் போகலாமா? மூன்று கொட்டேஷன் வாங்கி, விலை குறைந்ததற்குக் கை தூக்கிவிட்டுக் கலைகிறார்கள். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. மெயின் பேனல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ஈ.பி. போனால் எவையெவை ஓடியே ஆக வேண்டும்? இவற்றுக்கு விடை கண்டுவிட்டால் வாங்க வேண்டிய இயந்திரம் பாதிக்கும் கீழாகச் சிறுத்துவிடும்.

கணக்குப் போட வசதியாக ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டில்ட் பார்க்கிங், அதற்கு மேல் ஐந்து மாடி, 48 வீடுகள், சுமார் 190 பேர். ஒரு சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), மாடியில் ஓவர்ஹெட் டேங்க், இரண்டு லிஃப்ட், சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், பார்க்கிங் மூலையில் 62.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு பார்க்கக்கூடிய கட்டடம்தான்.

மே மாத வெட்டும் டிசம்பர் வெட்டும்

மின்சாரம் போவதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்ப்பதில்தான் பணம் வீணாகிறது.

முதல் வகை கோடையில் வருவது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாட்களில் மாநிலத்தில் மின்சாரம் இருந்தாலும் தெருமுனை டிரான்ஸ்பார்மர் தாங்காது. இரவு பத்து மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது லோடு ஏறி ஃபியூஸ் போகும், அல்லது கேபிள் ஜாயின்ட் வெந்துபோகும். அரை மணி நேரம், சில சமயம் இரண்டு மூன்று மணி நேரம். அடிக்கடி வரும், சீக்கிரம் தீரும்.

இரண்டாவது வகை வடகிழக்குப் பருவமழையில் வருவது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போதும் தாழ்வான பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அங்கெல்லாம் சப்ளையை மின்வாரியமே நிறுத்தியது, நிறுத்தியதும் சரிதான். நகரின் பெரும்பகுதியில் மின்கம்பி பூமிக்கடியில் போகிறது, அதைக் கட்டடங்களுக்குப் பிரித்துத் தரும் பில்லர் பாக்ஸ் நடைபாதையோரம் தரைமட்டத்தில் நிற்கிறது. அது முழுகியிருக்கும்போது சப்ளை கொடுத்தால் தெருத் தண்ணீரில் நடப்பவர் உயிர் போகும். ஆகவே உங்கள் கட்டடம் சொட்டு நனையாமல் இருந்தாலும், தெருவில் தண்ணீர் வடிந்து பாக்ஸ் காயும் வரை மின்சாரம் வராது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நடந்தது இதற்கு நேர்மாறு: காற்றில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்தன, மேலே கம்பி போகும் இடங்கள்தான் அதிகம் அடிபட்டன. எப்படியானாலும் இந்த வகைக்கு ஒரு நாள் முதல் நான்கு நாள் வரை தயாராக இருக்க வேண்டும்.

அடிக்கடி வரும் குறுகிய வெட்டுக்குப் பேட்டரி மலிவு. எப்போதாவது வரும் நீண்ட வெட்டுக்கு எரிபொருள் மலிவு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கொட்டேஷன் கொண்டுவருபவர் சொல்வதில் பாதியை நீங்களே சரிபார்த்துவிடலாம்.

உயரம்தான் முதல் செலவு

2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் ஜப்பானைத் தாக்கியபோது, கவாசாகி நகரின் முசாஷி-கொசுகியில் 47 மாடிக் குடியிருப்பு ஒன்றின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்தது. மின் அறை அங்கேதான் இருந்தது. மேல் மாடிகளில் ஒரு துளி தண்ணீர் இல்லை. ஆனால் லிஃப்ட், குழாய்த் தண்ணீர், கழிவறை எல்லாம் நின்றுபோயின. மறு ஆண்டு ஜூனில் ஜப்பான் அரசு கட்டடங்களின் மின் சாதனங்களை வெள்ளத்திலிருந்து காப்பதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது.

நியூயார்க்கில் 2012இல் சாண்டி புயலின்போது பெல்வியூ மருத்துவமனையில் நடந்தது இன்னும் நுட்பமானது. அங்கே ஜெனரேட்டர்கள் 13ஆவது மாடியில் இருந்தன. எரிபொருளை மேலே ஏற்றும் பம்புகள் மட்டும் அடித்தளத்தில். அடித்தளம் முழுகியது, ஊழியர்களும் படைவீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்றவே வேண்டியிருந்தது. ஜெனரேட்டரை மேலே வைத்தால் மட்டும் போதாது. அதற்கு எரிபொருள் தரும் குழாய், அதிலிருந்து வரும் கேபிள், கேபிள் போய்ச் சேரும் பேனல், பேனலிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஸ்டார்ட்டர் என்று முழுச் சங்கிலியும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும்.

உங்கள் கட்டடத்தில் இதைச் சோதிக்க ஒரு மணி நேரம் போதும். 2015இலும் 2023இலும் தண்ணீர் நின்ற அடையாளத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டில் உயர்ந்ததற்கு மேல் 60 சென்டிமீட்டர் சேர்த்துப் பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மின்பொருளையும் எழுதுங்கள். ஈ.பி. மெயின், மீட்டர் போர்டு, ஜெனரேட்டரின் சேஞ்ச்ஓவர் (ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச்), சம்ப் மோட்டார், மோட்டார் ஸ்டார்ட்டர், சுத்திகரிப்பு நிலையத்தின் பேனல், கேட் விளக்கு, பார்க்கிங்கில் உள்ள சார்ஜிங் சாக்கெட், லிஃப்ட் குழியிலுள்ள ஸ்விட்ச். பல கட்டடங்களில் பட்டியல் முழுவதுமே கோட்டுக்குக் கீழேதான் இருக்கும்.

இவற்றில் மலிவானதும் முதலில் செய்ய வேண்டியதும் சர்க்கியூட்டைப் பிரிப்பதுதான். தரைத்தளத்து விளக்கு, சாக்கெட், கேட் எல்லாவற்றையும் ஒரே தனி பிரேக்கரில் கொண்டுவந்து, அதற்கு, மின்கசிவு ஏற்பட்டதும் தானாக அணையும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, அந்த பிரேக்கரை முதல் மாடியில் வைக்க வேண்டும். தண்ணீர் ஏறும்போது கீழ்த்தளத்தை மட்டும் அணைத்துவிட்டு மேல் மாடிகளுக்கு மின்சாரம் கொடுக்க இதுதான் வழி. இது இல்லாத கட்டடத்தில் நல்ல ஜெனரேட்டர் இருந்தும் அதை ஓட்டப் பயந்து எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது சம்ப் மோட்டார். கோட்டுக்குக் கீழே இருக்கும் மோனோபிளாக் மோட்டாரைக் கழற்றி மேடை கட்டி ஏற்றலாம். ஆனால் உறிஞ்சும் உயரம் ஆறேழு மீட்டரைத் தாண்டினால் தண்ணீர் எடுக்காது. தண்ணீருக்குள்ளேயே ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரைச் சம்புக்குள் இறக்குவது எளிது. ஸ்டார்ட்டரை மட்டும் மேலே கொண்டுபோனால் போதும். கூடவே சம்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் அதன் சுற்றுச்சுவரை உயர்த்தி, மூடிக்கு ரப்பர் கேஸ்கட் போடுங்கள். தெருவெள்ளம் என்பது சாக்கடையும் கலந்த தண்ணீர். அது சம்புக்குள் இறங்கிவிட்டால், மின்சாரம் இருந்தாலும் மேலே ஏற்ற நல்ல தண்ணீர் இருக்காது.

மீட்டர் போர்டை நகர்த்துவதுதான் இழுபடும் வேலை. மீட்டர் மின்வாரியத்தின் சொத்து. விண்ணப்பம் கொடுத்து, மதிப்பீட்டுத் தொகை கட்டி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாகத்தான் செய்ய முடியும். 48 வீட்டுக்கும் கேபிள் நீளம் கூடும். செலவில் பெரும்பங்கு செம்புக்கே போகும். மழைக்கு முன் முடிய வேண்டுமானால் ஏப்ரலிலேயே மனு கொடுத்தாக வேண்டும்.

உண்மையில் எத்தனை யூனிட் வேண்டும்?

இங்கேதான் பலருக்கு வியப்பு காத்திருக்கிறது. 190 பேருக்கு ஆளுக்கு 50 லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 9,500 லிட்டர். சம்பின் அடியிலிருந்து மாடித் தொட்டி வரை சுமார் 25 மீட்டர். இந்தத் தண்ணீரை ஏற்ற, மோட்டார்-பம்பின் மொத்தத் திறன் 45 விழுக்காடு என்று வைத்தாலும், ஒன்றரை யூனிட் போதும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இருபது இருபத்தைந்து நிமிடம் ஓடினால் முடிந்தது. ஒரே ஒரு வீட்டு ஏ.சி. ஓர் இரவில் இழுப்பதை விட இது குறைவு.

மற்றவற்றையும் சேர்ப்போம். ஒரு லிஃப்டை மட்டும் காலையும் மாலையும் ஓட்டினால், நூறு பயணத்துக்கு 4 யூனிட். சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டினால் 8 யூனிட். இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். காற்று நின்று ஏழெட்டு மணி நேரம் ஆனால் தொட்டியிலுள்ள பாக்டீரியா சாகத் தொடங்கும், நாற்றம் எடுக்கும், திரும்ப உயிர்ப்பிக்க வாரக்கணக்காகும். படிக்கட்டு விளக்குகளில் மூன்றில் ஒன்றுக்கு இரண்டரை யூனிட். கேமரா, இன்டர்காம், இணைய சுவிட்ச் ஆகியவற்றுக்கு 5 யூனிட். மொத்தம் 21.

வீட்டுக்கு ஒரு விசிறி, ஒரு விளக்கு, போன் சார்ஜ், வைஃபை என்று 60 வாட் வீதம் பன்னிரண்டு மணி நேரம் கொடுத்தால் இன்னும் 35 யூனிட் ஆகும். அப்போதும் நாளொன்றுக்கு 56தான். ஏ.சி., கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு ஆகிய மூன்றையும் இந்தப் பட்டியலில் நுழைய விடக்கூடாது. நுழைந்தால் கணக்கு பத்து மடங்காகும். கூட்டத்தில் கடும் எதிர்ப்பு வரும் இடமும் இதுதான். அங்கே விட்டுக்கொடுக்காமல், ஒவ்வொரு வீட்டின் பேக்கப் லைனுக்கும் அளவு மீறினால் தானாக அணையும் ஒரு சிறிய எம்.சி.பி.யோ லோடு லிமிட்டரோ போட்டுவிடுவதுதான் அக்கம்பக்கத்தாருக்குள் சண்டை வராத வழி.

மருத்துவக் கருவியோடு வாழும் வீடுகளை, உதாரணத்துக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓட்டும் வீட்டை, முன்பே கேட்டுத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவி 300 வாட் அளவுக்கு நாள் முழுவதும் இழுக்கும்; அது மட்டுமே ஏழு யூனிட்.

டீசல் ஜெனரேட்டர்

இதன் பலம் தெளிவானது. டீசல் இருக்கும் வரை ஓடும், பெரிய மோட்டாரைக் கிளப்பும், பழுது பார்க்க ஊரெல்லாம் ஆள் உண்டு. பலவீனம், பெரும்பாலான கட்டடங்களில் அது தேவைக்கு மீறிப் பெரிதாக இருப்பது.

62.5 கேவிஏ என்றால் 50 கிலோவாட். மேலே போட்ட பட்டியலில் எல்லாம் ஒன்றாக ஓடினாலும் பதினைந்து கிலோவாட்டைச் சுற்றித்தான் வரும். பெரும்பாலான நேரம் ஐந்துக்கும் கீழே. முழு லோடில் மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் குடித்து 50 யூனிட் தரும் இயந்திரம், பத்தில் ஒரு பங்கு லோடில் நான்கு லிட்டர் குடித்து ஐந்து யூனிட்தான் தரும். ஒரு யூனிட்டுக்கு முக்கால் லிட்டருக்கும் மேல் டீசல். லோடு 30 விழுக்காட்டுக்குக் கீழேயே தொடர்ந்து ஓடினால் எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் எண்ணெயாகக் கசியும், இன்ஜெக்டர் அடைக்கும். ‘ஜெனரேட்டர் புகை தள்ளுகிறது’ என்று வரும் புகாரில் பல, இயந்திரக் கோளாறால் வருவதில்லை. லோடு போதாமையால் வருபவை.

நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் 40 லிட்டர். மூன்று நாளுக்கு 120. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது 120 லிட்டர் டீசலை யார் கொண்டுவருவார்? முன்கூட்டியே சேமிக்கலாம் என்றால் டீசல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் கெடத் தொடங்கும். தொட்டியின் மேல்பகுதியில் படியும் ஈரம் அடியில் இறங்கி, டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் பாசி போன்ற கசடு வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். மழைக்காலம் தொடங்குமுன் வடிகுழாயைத் திறந்து அடித்தண்ணீரை இறக்க வேண்டும். தொட்டியை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும்.

ஆனால் அவசரத்தில் ஜெனரேட்டர் கிளம்பாமல் போக மிகச் சாதாரணக் காரணம் ஸ்டார்ட்டிங் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்தப் பேட்டரியை யாரும் கவனிப்பதில்லை. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுவதோடு, மாதம் ஒருமுறை ஈ.பி. மெயினை அணைத்து உண்மையான லோடோடு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால்தான் சேஞ்ச்ஓவரும் சேர்ந்து சோதிக்கப்படும். அந்த சேஞ்ச்ஓவர் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு-போல் வகையாக இருக்க வேண்டும். சேஞ்ச்ஓவர் இரண்டையும் சரியாகப் பிரிக்காவிட்டால் உங்கள் ஜெனரேட்டர் மின்சாரம் பின்வாக்கில் தெருக் கம்பிக்கு ஏறி, அங்கே வேலை செய்யும் லைன்மேனைக் கொல்லக்கூடும்.

புதிதாக வாங்குவதானால் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நான்காம் நிலை உமிழ்வு விதிக்கு உட்பட்ட இயந்திரம்தான் கிடைக்கும். புகை குறைவு, விலை அதிகம், மின்னணுப் பாகங்கள் அதிகம். தண்ணீர் பட்டால் பழைய இயந்திரத்தைப் போல் காயவைத்துக் கிளப்ப முடியாது. உயரம் இன்னும் முக்கியமாகிறது.

சோலார் மட்டும்

ஈ.பி. இணைப்போடு சேர்ந்தே ஓடும் சாதாரண கிரிட்-டை சோலார் பற்றிப் பெரும்பாலோர் அறியாத ஒன்று: ஈ.பி. போன நொடியில் அதுவும் நின்றுவிடும். நண்பகல் வெயில் கொளுத்தினாலும் ஒரு விளக்கு எரியாது. தெருக் கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டரிலேயே வைத்திருக்கும் ஏற்பாடு அது, தவிர்க்கவும் கூடாது. ஆகவே ‘மின்வெட்டுக்காக’ சோலார் மட்டும் போடுவது வீண்.

மின்கட்டணத்துக்காகப் போடுவது வேறு கணக்கு. பத்து கிலோவாட்டுக்கு நிழல் விழாத ஆயிரம் சதுர அடி வேண்டும். 550 வாட் பேனல் பதினெட்டு பத்தொன்பது. சென்னையில் நாளுக்கு 40 யூனிட்டுக்குக் குறையாது, வருடத்துக்கு 14,000 யூனிட் வரும். பொதுப் பயன்பாட்டு மின்சாரம் யூனிட் சுமார் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுவசதிக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. போட்ட பணம் நான்கைந்து வருடத்தில் திரும்பிவிடும். மற்ற இரண்டும் சும்மா நிற்கும்போது எதுவும் சம்பாதிப்பதில்லை. சோலார் தினமும் சம்பாதிக்கும். பேட்டரிக்கு இது பணம் கட்டும் என்பதாலேயே நாங்கள் இதை ஒப்பீட்டில் சேர்க்கிறோம்.

அடைமழை நாளில் அதே பத்து கிலோவாட் ஐந்து முதல் பத்து யூனிட்தான் தரும். காற்றையும் மறக்கக்கூடாது. இந்தியத் தர நிர்ணயப்படி சென்னையின் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஸ்டாண்டை அதற்கு வடிவமைத்தார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். கான்கிரீட் கட்டையை எடைக்கு வைத்து நிறுத்தும் முறை இங்கே ஆகாது. தளத்தில் கெமிக்கல் ஆங்கர் போட்டு, அந்தத் துளையைச் சுற்றி நீர்க்கசிவுப் பூச்சும் செய்ய வேண்டும். கீழே துணி காயவைக்க வசதி என்று பத்தடி உயரத்தில் ஸ்டாண்ட் கேட்பார்கள். உயரம் கூடக் கூடக் காற்றின் இழுவையும் கூடும், இரும்பும் கூடும்.

பேட்டரி

கோடை வெட்டுக்கு இதுதான் சரியான விடை. சத்தமில்லை, புகையில்லை, லிஃப்டில் போகிறவருக்கு மின்சாரம் போனதே தெரியாது.

வகையில் டியூபுலர் லெட்-ஆசிட் வாங்கும்போது மலிவு. ஆனால் 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் பேட்டரியில் எழுதியிருக்கும் 1.8 யூனிட்டில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம். நான்கைந்து வருடத்தில் மாற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆள் வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 90 விழுக்காடு எடுக்கலாம், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் தாங்கும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பெட்டி ஒன்றில் சுமார் 5 யூனிட். ஆறு பெட்டி வைத்தால், இன்வெர்ட்டர் இழப்பு போகக் கைக்கு 25 யூனிட். நம் கட்டடத்தின் பொதுத்தேவைக்கு ஒரு முழு நாள்.

எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். வெள்ளம் ‘மேலே போ’ என்கிறது. மொட்டை மாடி தகர அறையோ மே மாதத்தில் 50 டிகிரியைத் தொடும். 45 டிகிரிக்கு மேல் போனால் பேட்டரியின் கட்டுப்பாட்டுச் சில்லு சார்ஜைக் குறைக்கும், பிறகு நிறுத்தும், ஆயுளும் தேயும். படிக்கட்டில் வைப்பது தீ விபத்தில் வெளியேறும் வழியை அடைக்கும். முதல் மாடியிலோ இரண்டாம் மாடியிலோ வெளிக்காற்று வரும், வடக்குப் பார்த்த, கதவு உள்ள சிறு அறை சிறந்தது. அப்படியொன்று இல்லையென்றால் மொட்டை மாடியில் செங்கல் சுவர் எழுப்பி, கூரைக்கு வெள்ளை ஓடு பதித்து, வெப்பநிலை பார்த்து ஓடும் எக்சாஸ்ட் விசிறியோடு கட்டுங்கள்.

இன்னொரு தவறு பம்பில் நடக்கும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஆறு மடங்கு இழுக்கும். கணநேரத்துக்கு 30 கேவிஏ. பதினைந்து கிலோவாட் இன்வெர்ட்டர் அங்கேயே டிரிப் ஆகும். பேட்டரி சரியில்லை என்று சண்டை தொடங்கும். மோட்டாரின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் கருவியான வி.எஃப்.டி. ஒன்றைப் போட்டால் அது மெல்லக் கிளம்பும், பிரச்சினை அதோடு தீரும். புதிய கியர்லெஸ் லிஃப்டுகளில் இந்த ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. பம்பும் லிஃப்டும் ஒரே நேரத்தில் கிளம்பாதபடி ஓர் இன்டர்லாக்கும் போட்டுவிடுங்கள். லிஃப்ட் மூன்று ஃபேஸ் என்பதால் இன்வெர்ட்டரும் மூன்று ஃபேஸாகவே இருக்க வேண்டும்.

பேட்டரியின் எல்லை மூன்று நாள் வெள்ளத்தில் தெரியும். பொதுத்தேவை மட்டும் 63 யூனிட். வீடுகளுக்கும் கொடுத்தால் 168. அவ்வளவுக்கும் பேட்டரி வாங்கினால் வருடத்தில் 360 நாள் அது சும்மா நிற்கும்.

எதை வாங்கலாம்?

நம் கட்டடத்துக்கு எங்கள் தேர்வு இது: பத்து கிலோவாட் சோலார், பதினைந்து கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (சோலார், பேட்டரி, ஈ.பி. மூன்றையும் சேர்த்துக் கையாள்வது), ஆறு லித்தியம் பெட்டி, கூடவே ஒரு சிறிய 15 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். ஜெனரேட்டரின் வேலை கட்டடத்தை ஓட்டுவதல்ல, பேட்டரியை நிரப்புவது. அப்போது அது எப்போதும் எண்பது விழுக்காடு லோடில், தன் சிறந்த நிலையில் ஓடும். யூனிட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர்தான் செலவாகும்.

மூன்று நாள் கணக்கைப் பாருங்கள். நிரம்பிய பேட்டரியில் 25, மழையிலும் சோலார் தரும் 18, ஆக 43. பொதுத்தேவைக்குக் குறைவது 20 யூனிட்: ஏழெட்டு லிட்டர் டீசல். வீடுகளுக்கும் விசிறி, விளக்கு கொடுத்தால் குறைவது 125 யூனிட்: நாளுக்கு நாலைந்து மணி நேரம் ஓட்டி, இழப்பும் சேர்த்து மொத்தம் 50 லிட்டருக்குள். மூன்று கேனில் அடங்கும். பழைய இயந்திரத்தின் 120 லிட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதுவும் அதற்கு நாளில் பத்து மணி நேரம்தான்.

விலையில் இது பெரிய ஜெனரேட்டர் ஒன்றை விட அதிகம். பத்து கிலோவாட் சோலாருக்கு மானியத்துக்கு முன் ஐந்து ஆறு லட்சம் ஆகும். பேட்டரி விலை மாறிக்கொண்டே இருப்பதால் அந்த மாதத்துக் கொட்டேஷன்தான் கணக்கு. ஒரே வருடத்தில் முடியாதென்றால் முதல் வருடம் சர்க்கியூட் பிரிப்பு, சம்ப், வி.எஃப்.டி.; இரண்டாம் வருடம் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் சோலாரும்; பிறகு பேட்டரியை இரண்டிரண்டு பெட்டியாகச் சேர்க்கலாம். இன்வெர்ட்டரை மட்டும் முதலிலேயே ஹைப்ரிடாக வாங்குங்கள். கிரிட்-டை வாங்கிவிட்டு மாற்றுவது இரட்டைச் செலவு. அதற்குள் பழைய 62.5 கேவிஏ நல்ல நிலையில் இருந்தால் விற்க வேண்டாம். கோட்டுக்கு மேல் மேடை கட்டி ஏற்றிவிட்டு, பேட்டரியையும் வீட்டு லோடையும் ஒன்றாகக் கொடுத்து நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள்.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் பொருந்தாது. தண்ணீர் தேங்காத மேட்டுப்பகுதியில் எட்டு வீடுதான் என்றால் ஜெனரேட்டரே வேண்டாம்; மூன்று நான்கு லித்தியம் பெட்டி போதும். பதினைந்து இருபது மாடிக் கட்டடத்தில் தீயணைப்புப் பம்பு, படிக்கட்டில் புகை புகாமல் தடுக்கும் அழுத்தக் காற்று விசிறி என்று சட்டப்படி ஓடியே தீர வேண்டியவை உண்டு. அங்கே பெரிய ஜெனரேட்டர் நின்றே ஆக வேண்டும். பேட்டரி அதற்கு மாற்றாகாது. அடித்தளப் பார்க்கிங் உள்ள இடத்தில் நீர் இறைக்கும் பம்புக்குத் தனிக் கணக்குப் போட வேண்டும். மேலே சொன்ன 21 யூனிட் அங்கே செல்லாது.

மழைக்கு முன்னும் பின்னும்

ஹைப்ரிட் இன்வெர்ட்டரில் எவ்வளவு சார்ஜைக் கையிருப்பாக வைப்பது என்று ஓர் அமைப்பு இருக்கும். கோடையில் அது 40, 50 விழுக்காட்டில் இருக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 80க்கு ஏற்றுங்கள். வானிலை மையம் கனமழை எச்சரிக்கை விடுத்ததும் 100. இதை மாற்றத் தெரிந்தவர் வளாகத்தில் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். அன்றே சம்பையும் மாடித் தொட்டியையும் நிரப்புங்கள். தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் லிஃப்டை இரண்டாம் மாடிக்கு அனுப்பி நிறுத்தி, தரைத்தள பிரேக்கரை அணைத்துவிடுங்கள். லிஃப்ட் குழி காய்ந்து சோதிக்கப்படும் வரை லிஃப்டை இயக்க வேண்டாம்; அது வரை அதன் 4 யூனிட்டும் உங்களுக்கு மிச்சம்தான். ஜெனரேட்டர் புகை பார்க்கிங்குக்குள் சுற்றாமல் வெளியே போகிறதா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

தண்ணீர் வடிந்த பிறகு அவசரப்பட்டு மெயினைப் போடக்கூடாது. முழுகிய கேபிள், ஸ்விட்ச், மோட்டார் ஒவ்வொன்றையும் எலக்ட்ரீசியன் 500 வோல்ட் மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து அளக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். மோட்டாரைக் கழற்றி உலர்த்தி மறுபடி அளக்கலாம். நனைந்த எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே படிந்த வண்டல் அடுத்த கோளாறின்போது அவற்றை டிரிப் ஆகவிடாமல் தடுக்கும். பத்துப் பன்னிரண்டு புது பிரேக்கர்களை முன்கூட்டியே வாங்கி முதல் மாடியில் வைத்திருங்கள். வெள்ளம் வடிந்த வாரத்தில் கடைகளில் அவைதான் முதலில் தீர்ந்துபோகும்.